தெர்மாகோல் வெட்டும் சூட்டுக் கம்பி வில்: வாட் மாற்றும் கருவியைக் கட்டுவதும் சோதிப்பதும்

ஏரோமாடலிங் இறக்கை, கட்டட மாதிரி, கான்கிரீட் வார்ப்புக்கான அச்சு ஆகியவற்றுக்குத் தெர்மாகோலைப் பிளேடால் அறுத்தால் மணி மணியாக உதிரும். சூடான நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பி அதையே வழவழப்பாகப் பிரித்துக்கொண்டு போகும். கருவிக்கு வேண்டியவை ஒரு மர வில், 30 செ.மீ. கம்பி, கம்பிக்குப் போகும் மின்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு பலகை ஆகியவைதாம்.

இதைக் கட்டக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாவற்றையும் இணைத்து முடித்துவிட்டுக் கடைசியில் சுவிட்சைப் போடுகிறார்கள். வேலை செய்யாவிட்டால் குறை அடாப்டரிலா, பலகையிலா, கம்பியிலா என்று தெரிவதில்லை. கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு பகுதியும் தனியாகச் சோதிக்கப்பட்ட பிறகே அடுத்ததோடு சேர்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. கடைக்குப் போகும் முன் கணக்கு

எந்தக் கம்பி, எவ்வளவு நீளம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடாப்டரும் பலகையும் அதற்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் கம்பியைப் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் (கம்பித் தடிமன் எண்) கணக்கில் விற்பார்கள். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் பல, அமெரிக்கக் கேஜில் இருக்கும். 26 என்ற அதே எண் முதலாவதில் 0.457 மி.மீ., இரண்டாவதில் 0.405 மி.மீ. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போட்ட கணக்கு முழுவதும் பிசகும். எண்ணை நம்பாமல் விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வேலைக்கு 28 எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது 0.376 மி.மீ. விட்டமுள்ள நிக்ரோம் 80 கம்பி பொருந்தும். மீட்டருக்கு ஏறத்தாழ 9.8 ஓம் மின்தடை. 30 செ.மீ. எடுத்தால் 2.9 ஓம்.

வாட் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. இந்தக் கம்பியில் 1.5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 6.5 வாட், 1.8 ஆம்பியரில் 9.5 வாட், 2 ஆம்பியரில் 12 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. தெர்மாகோல் வெட்ட நமக்குத் தேவையான வீச்சு இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2 ஆம்பியருக்குக்கூட 6 வோல்ட் போதும்.

இங்கே ஒரு கருத்தை நிறுத்தி நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், கருவி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. கம்பியின் சூடு மொத்த வாட்டைப் பொறுத்ததல்ல, ஒரு செ.மீ. நீளத்துக்கு எவ்வளவு வாட் என்பதைப் பொறுத்தது. 5.3 வோல்ட்டில் 30 செ.மீ. கம்பி 9.5 வாட் எடுக்கிறது. அதே வோல்ட்டை 15 செ.மீ. துண்டுக்குக் கொடுத்தால் மின்தடை பாதியாகி, மின்னோட்டம் 3.6 ஆம்பியராகி, 19 வாட் ஏறும். அதுவும் பாதி நீளத்தில். செ.மீ. கணக்கில் நான்கு மடங்கு, கம்பி சிவந்துவிடும்.

வோல்ட்டுக்குப் பதிலாக ஆம்பியரை 1.8 என்று கட்டிப்போட்டால் கம்பி 15 செ.மீ. ஆனாலும் 30 செ.மீ. ஆனாலும் சூடு மாறாது. எனவே இந்தக் கருவியில் நாம் திருப்பப்போவது மின்னோட்டத்தை. வோல்ட் வெறும் மேல்வரம்பு.

2. வாங்க வேண்டியவை

12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெறுங்கம்பியைக் கையருகே வைத்து வேலை செய்யப்போகிறோம். வீட்டு மின்சாரத்தையும் அந்தக் கம்பியையும் பிரித்து நிறுத்துவது இந்த அடாப்டர் மட்டுமே.

எக்ஸ்எல்4015 சிப் உள்ள பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும்) பலகை ஒன்று. அதில் வோல்ட்டுக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு நீல ட்ரிம்பாட்கள் (திருப்புளியால் திருகி அளவை மாற்றும் சிறு பாகங்கள்) இருக்க வேண்டும். ஒரே ஒரு ட்ரிம்பாட் உள்ள பலகையும் அதே சிப்போடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் மின்னோட்ட வரம்பு கிடையாது, நமக்கு உதவாது.

3.3 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் பிறகு பலகையை எரிக்கிறார்கள். இவற்றுடன் 2 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸும் அதன் கூடும், காலிங் பெல்லுக்கு வைக்கும் தள்ளு சுவிட்ச், பித்தளைத் திருகுள்ள கனெக்டர் பட்டை, ஒரு சிறிய இழுவிசை ஸ்பிரிங், ஒரு மீட்டர் நிக்ரோம் கம்பி, இரண்டரை அடி ரீப்பர் கட்டை, இரட்டை வயர் ஆகியவை வேண்டும். மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் துளை இருப்பது கட்டாயம்.

ஃபேன் ரெகுலேட்டர் வழியாக நேரடியாக 230 வோல்ட்டைக் கம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. ரெகுலேட்டர் அளவைக் குறைக்குமே தவிர, லைனைக் கம்பியிலிருந்து பிரிக்காது. குறைத்து வைத்த நிலையிலும் அந்தக் கம்பியைத் தொட்டால் உயிர் போகும். யார் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள்.

3. அடாப்டர் மட்டும்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையைப் பின்னின் நடுத்துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். 12-க்கு ஒட்டிய எண் வர வேண்டும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் துருவம் மாறியிருக்கிறது.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துருவம் மாறினால் காக்கும் ஏற்பாடு இல்லை. தவறாகக் கொடுத்த கணமே சிப் போய்விடும்.

4. பலகை மட்டும்: வோல்ட் மேல்வரம்பு

இப்போது அடாப்டரைப் பலகையின் உள்ளீட்டுப் பக்கம் இணையுங்கள். வெளியீட்டில் மல்டிமீட்டரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. வோல்ட் ட்ரிம்பாட்டைத் திருகி 5.0 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு மூன்று சுற்றுத் திருப்பியும் எண் மாறவில்லை என்று பலகையைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. இந்த நீல ட்ரிம்பாட் பெரும்பாலும் 25 சுற்று வகை. கடைக்கோடியில் நின்றிருந்தால் பல சுற்றுகள் வெறுமனே சுழலும். ஒரு திசையில் போதுமான அளவு சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு எதிர்த்திசையில் சுற்றுங்கள். எது வோல்ட்டுக்கு, எது மின்னோட்டத்துக்கு என்பதையும் இப்போதே கண்டுபிடித்துப் பலகையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். சுமை (மின்சாரத்தை எடுக்கும் ரெசிஸ்டரோ கம்பியோ) இல்லாதபோது எண்ணை மாற்றுவது வோல்ட் ட்ரிம்பாட்.

5. சிமெண்ட் ரெசிஸ்டரோடு: மின்னோட்ட வரம்பு

அடாப்டரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பலகையின் வெளியீட்டு நேர்முனை, மல்டிமீட்டர், சிமெண்ட் ரெசிஸ்டர், வெளியீட்டு எதிர்முனை என்று ஒரே சங்கிலியாக இணையுங்கள். ரெசிஸ்டர் சுடும், மரத்தின்மேல் வைக்காமல் ஓட்டுத் துண்டு அல்லது தரை ஓட்டின்மேல் வையுங்கள்.

அடாப்டரைப் போடுங்கள். 5 வோல்ட்டில் 3.3 ஓம் வழியாக 1.5 ஆம்பியர்தான் ஓட முடியும். மின்னோட்ட வரம்பு எங்கே நின்றிருந்தாலும் இதற்குமேல் போகாது. முதல் சோதனைக்கு நேராகக் கம்பியை மாட்டாமல் ரெசிஸ்டரை வைப்பதன் காரணம் அதுதான்.

இனி மின்னோட்ட ட்ரிம்பாட்டைக் குறைக்கும் திசையில் திருகுங்கள். ஓரிடத்தில் எண் 1.5-லிருந்து இறங்கத் தொடங்கும். 1.0-இல் நிறுத்துங்கள். வரம்பு இப்போது பிடித்துவிட்டது.

அடுத்தது பலரும் பயந்து தவிர்க்கும் சோதனை. இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். மல்டிமீட்டர் சங்கிலியில் இருக்கும்படியே, ரெசிஸ்டரின் இரு கால்களையும் ஒரு வயர்த் துண்டால் குறுக்கே இணையுங்கள். சிறு பொறி தெறிக்கலாம். மல்டிமீட்டர் தொடர்ந்து 1.0-ஐ ஒட்டியே காட்டினால் பலகை நல்லது. எண் தாவி ஏறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

எண் தாவுவதற்கு நான் அதிகமாகக் கண்ட காரணம் உள்ளீட்டு எதிர்முனையும் வெளியீட்டு எதிர்முனையும் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது. ‘இரண்டும் கிரவுண்டுதானே’ என்று சேர்த்துவிடுகிறார்கள். இந்தப் பலகையில் மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடை அந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது. சேர்த்தால் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பலகைக்கு எதுவும் தெரியாது. வெளியே வோல்ட்-ஆம்பியர் டிஸ்ப்ளே பொருத்தி, அதற்கான மின்சாரத்தை உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து எடுப்பவர்களுக்கும் இதே கதிதான். பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் மெல்லிய கறுப்பு வயரும் தடித்த கறுப்பு வயரும் உள்ளே ஒன்றாகவே இருக்கும். முதல் கருவியில் டிஸ்ப்ளே வேண்டாம்.

குறுக்கு வயரை எடுத்துவிட்டு 1.0 ஆம்பியரில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். எண் அசையக் கூடாது. பலகை வெதுவெதுப்பாக இருக்கலாம். விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தப் பலகையை நம்பாதீர்கள். கடைசியில் சுமையைக் கழற்றிவிட்டு வோல்ட் மேல்வரம்பை 7 ஆக உயர்த்துங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வோல்ட் அளக்கும் முன் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் மல்டிமீட்டரே குறுக்குச்சுற்றாகும். இந்தக் கருவியைக் கட்டும்போது நடக்கும் தவறுகளில் மிகச் சாதாரணமானதும் மிகச் செலவு வைப்பதும் இதுதான்.

மேல்வரம்பை ஏன் 12 வரை ஏற்றவில்லை? வேலையின் நடுவே கம்பி அறுந்தால் வெளியீடு மேல்வரம்புக்கு ஏறி நிற்கும். பலகையில் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரும் அந்த அளவுக்கு நிறைந்திருக்கும். முனைகள் மீண்டும் தொட்டால் அது முழுவதும் ஒரே வீச்சில் கொட்டும். தேவையைவிட ஒரு வோல்ட் கூடுதலாக வைத்தால் அந்த அடி சிறிதாக இருக்கும்.

6. வில்

ரீப்பரிலிருந்து 32 செ.மீ. நீளத்தில் ஒரு முதுகுக் கட்டையும் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு கைகளும் அறுத்து, ‘ப’ வடிவில் திருகு போட்டு இணையுங்கள். கைகளின் நுனிகளுக்கு இடையே கம்பி வரும். பிவிசி குழாயில் வில் செய்வது எளிது என்றாலும் நான் சொல்ல மாட்டேன். கம்பி நுனியின் சூட்டில் குழாய் இளகி வளைகிறது.

ஒரு கை நுனியில் கனெக்டர் பட்டையின் ஒரு துண்டைத் திருகால் இறுக்குங்கள். இன்னொரு கையில் ஸ்பிரிங்கை மாட்டி, அதன் மறுமுனையில் இன்னொரு கனெக்டர் துண்டைத் தொங்கவிடுங்கள். நிக்ரோம் கம்பியின் இரு முனைகளும் இந்த இரண்டு கனெக்டர்களுக்குள் போகும்.

ஸ்பிரிங் எதற்கு? 30 செ.மீ. நிக்ரோம் 300 டிகிரிக்குச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் இறுகக் கட்டிய கம்பி அந்த ஒரு மில்லிமீட்டரில் தொய்ந்து, வெட்டு நடுவில் வயிறு தள்ளிவிடும். கம்பியைச் சுண்டினால் வீணைத் தந்தியைப் போல் ஒலி எழ வேண்டும். சூடேறிய பிறகும் அந்த இழுப்பு இருக்க வேண்டும்.

மின்சாரம் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது. வயரை ஸ்பிரிங்கைத் தாண்டி, கம்பியைப் பிடித்திருக்கும் கனெக்டருக்கே கொண்டுவந்து திருகுங்கள். ஸ்பிரிங் வழியே விட்டால் அதுவும் சூடேறி இழுவிசையை இழக்கும்.

நிக்ரோமுக்கு ஈயப்பற்று வைக்க முயல வேண்டாம். சாதாரண ஃப்ளக்ஸில் ஈயம் அதில் ஒட்டாது. ஒட்டினாலும் சூட்டில் இளகும். திருகின் கீழ் இறுக்குவதே சரி. கம்பி மெல்லியது என்பதால் முனையை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துக் கனெக்டருக்குள் விட்டால் நன்றாகப் பிடிக்கும்.

கட்டி முடித்ததும் கனெக்டருக்குக் கனெக்டர் மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை அதிலிருந்து கழிக்க வேண்டும். 3 ஓமை ஒட்டி வர வேண்டும். 4, 5 என்று வந்தாலோ, வயரை அசைக்கும்போது எண் ஆடினாலோ திருகு இறுகவில்லை. சூடேறும்போது நிக்ரோமின் மின்தடை சில விழுக்காடு மட்டுமே மாறும். ஆகவே இந்தக் குளிர்ந்த அளவையே நம்பிக் கணக்குப் போடலாம். நிக்ரோம் கிடைக்கவில்லை என்று செம்புக் கம்பியைப் போடாதீர்கள். அதன் மின்தடை அறுபதில் ஒரு பங்குதான், சூடாகாது.

7. சுவிட்ச், ஃபியூஸ், இணைப்பு

அடாப்டரின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ், அதன்பின் தள்ளு சுவிட்ச், அதன்பின் பலகையின் உள்ளீடு. பலகையின் வெளியீட்டிலிருந்து நேராக வில்லுக்கு வயர்.

சுவிட்சைப் பலகைக்கும் வில்லுக்கும் நடுவே வைப்பதே இயல்பாகத் தோன்றும். அப்படி வைத்தால் சுவிட்ச் திறந்திருக்கும்போது வெளியீடு 7 வோல்ட்டில் நிற்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கெப்பாசிட்டர் கம்பியில் கொட்டும். உள்ளீட்டுப் பக்கம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அழுத்தியபடி இருந்தால் மட்டும் ஓடும் தள்ளு சுவிட்சைச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. கை விலகினால் கம்பி சில நொடிகளில் குளிர வேண்டும். சாதாரண சுவிட்சை வைத்தால், போட்டுவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போவோம். சூடான வில் மேசைமேல் கிடக்கும்.

8. கம்பியின் முதல் சூடு

மின்னோட்ட வரம்பை 0.8 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை வில்லோடு தொடராக இணைத்து வைத்திருங்கள். சுவிட்சை அழுத்துங்கள். கம்பியில் எதுவும் தெரியாது, அதுதான் சரி. ஒரு தெர்மாகோல் துணுக்கைக் கம்பியில் வைத்தால் மெல்லப் பள்ளம் விழும் அல்லது விழாது.

0.1 ஆம்பியர் கூட்டுவது, கால் நிமிடம் பொறுப்பது, துணுக்கை வைத்துப் பார்ப்பது என்று ஏறிப் போங்கள். முதன்முதல் சூட்டில் கம்பியின்மேல் உள்ள எண்ணெய்ப் பசை லேசாகப் புகையலாம், அடங்கிவிடும்.

அறை விளக்கை அணைத்துப் பார்க்கும்போது கம்பி மங்கலாகச் சிவந்து தெரிந்தால் 525 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். தெர்மாகோலுக்கு அது மிக அதிகம்; ஆவி தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. உடனே குறையுங்கள்.

9. வெட்டிப் பார்த்து அளவை முடிவு செய்தல்

எதை வெட்டலாம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரினால் ஆன அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் பலகையும் சரி. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டு பெரும்பாலும் பிவிசி. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மெத்தை, சோபாவின் பாலியூரிதேன் ஸ்பாஞ்சிலிருந்து சயனைடு வாயு வரக்கூடும். இரண்டையும் கம்பியருகே கொண்டுவராதீர்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மேடை எழுத்து வெட்ட இந்தக் கருவியைக் கட்ட நினைப்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

தெர்மாகோலிலிருந்தும் ஸ்டைரின் ஆவி வரும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனமான ஐஏஆர்சி 2018-இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் 2ஏ பிரிவில் வைத்தது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. வராந்தாவில் அல்லது சன்னலருகே வேலை செய்யுங்கள். மின்விசிறியைக் கம்பியை நோக்கி வைக்காதீர்கள். காற்றுப் படும் பக்கம் குளிர்ந்து வெட்டு கோணலாகும். காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள்.

இப்போது 25 மி.மீ. தடிமனுள்ள கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து, வில்லை அதன் எடையாலேயே இறங்க விடுங்கள். தள்ளாதீர்கள். கம்பி பின்தங்கி வளைந்தால் சூடு போதவில்லை. கம்பி தொடும் முன்பே தெர்மாகோல் விலகி ஓடினால், வெட்டின் அகலம் கம்பியின் விட்டத்தைப்போல் பல மடங்கு இருந்தால், புகை தெரிந்தால் சூடு அதிகம். கம்பி வெளியேறும் இடத்தில் சிலந்தி நூல்போல் மெல்லிய இழைகள் தொங்கினால் அளவு சரி.

மேலே சொன்ன கம்பிக்குப் பெரும்பாலும் 1.5-க்கும் 1.9-க்கும் இடையே எங்கோ அது அமையும். எக்ஸ்பிஎஸ் பலகைக்கு அதே அளவை வைத்து, கையை இன்னும் மெதுவாக நகர்த்துங்கள். பலரும் சூட்டைக் கூட்டுகிறார்கள். அப்போது வளைவுகளில் கை தயங்கும் இடமெல்லாம் குழி விழுகிறது. குறைந்த சூடும் மெதுவான கையும் எப்போதும் நல்ல விளிம்பைத் தரும்.

கிடைத்த ஆம்பியர், கம்பியின் விட்டம், பொருள் மூன்றையும் வில்லின் முதுகிலேயே எழுதி வையுங்கள். கம்பி அறுந்து வேறு நீளத்தில் மாட்டினாலும் அந்த ஆம்பியர் மாறாது.

10. வழக்கமாக வரும் கோளாறுகள்

மின்னோட்ட ட்ரிம்பாட்டை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறவில்லை என்றால் வோல்ட் மேல்வரம்பில் முட்டிவிட்டது. கம்பியை 60 செ.மீ. ஆக்கியவர்களுக்கு இது வரும். அந்த நீளத்துக்கு 1.8 ஆம்பியர் ஓட 10.6 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் மிச்சம் போதாது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் இதற்குப் பொருந்தும். மேல்வரம்பையும் 12 அளவுக்கு உயர்த்த வேண்டும்.

கம்பியின் நடுப்பகுதி நன்றாக வெட்டி, முனைகள் வெட்டாமல் இழுத்தால் அது கோளாறு அல்ல. கனெக்டரின் பித்தளை அருகிலுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இரு ஓரங்களிலும் ஓரிரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஆனால் கனெக்டரே சுட்டுப் பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. அந்த இணைப்பிலேயே வாட் செலவாகிறது.

ஒரே இடத்தில் மட்டும் கம்பி அதிகமாகச் சிவந்தால் அங்கே முறுக்கோ கீறலோ இருக்கும். நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம், கம்பியை மாற்றுங்கள்.

11. வெளியே குமிழ் பொருத்துவது

எல்லாம் சரியாக ஓடிய பிறகு, திருப்புளி இல்லாமல் சூட்டைத் திருப்ப ஆசை வரும். மின்னோட்ட ட்ரிம்பாட்டை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு அதே மதிப்புள்ள பொட்டன்ஷியோமீட்டரை மூன்று குட்டை வயர்களால் இணைக்கலாம். மதிப்பு ட்ரிம்பாட்டின்மேலேயே அச்சிட்டிருக்கும். 103 என்றால் 10 கிலோ ஓம். பத்துச் சுற்று வகையாக வாங்குங்கள். ஒற்றைச் சுற்றில் 5 ஆம்பியர் வரையிலான வீச்சு முழுவதும் அடங்குவதால், நமக்கு வேண்டிய 1.5 முதல் 1.9 வரையிலான பகுதி குமிழின் ஒரு சிறு அசைவுக்குள் போய்விடும்.

வயர்களின் வரிசை மாறினால் குமிழ் தலைகீழாக வேலை செய்யும். குறைக்கத் திருப்பும்போது ஏறும். ஆகவே மாற்றி முடித்ததும் வில்லை மாட்டாமல், வோல்ட் மேல்வரம்பை 5-க்கு இறக்கி, சிமெண்ட் ரெசிஸ்டரை வைத்து ஐந்தாம் பகுதியின் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.